முள்ளைத் தரிசித்தவர்

அக்கினியே லிங்கமாக நின்றதென்று புராணம் பேசும் திருவண்ணாமலையில், உஷ்ணத்துக்கு அஞ்சிய என் நண்பர் ஒருவர், தமது பழைய ஜீப்பில் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றையும் கியர்ப்பெட்டியின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் பிரதிஷ்டை செய்வித்தார். வண்டியோடு வந்த சிவப்பு விளக்கு, அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போன பிறகே எரிவதால், அது பிராணன் போனபின் வைத்தியரை அழைப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதம். அதில் நியாயமில்லை என்று நானும் சொல்லமாட்டேன். 1849இல் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட வளைகுழாய், அழுத்தம் ஏற ஏற நிமிர முயன்று முள்ளைத் திருப்புகிற சூட்சுமத்தை எனக்கு இருமுறை உபதேசித்தார்.

பிறகு, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் என்னை ஏற்றிச் சென்றபோது, வலப்புறம் மலை தன்பாட்டில் நிற்க, அவருடைய திருஷ்டியோ முள்ளிலேயே லயித்திருந்தது. அக்கினி லிங்கத்தருகே ஜனக்கூட்டத்தால் வண்டி ஊர்ந்து நின்றதும், சூடேறி நீர்த்த எண்ணெயின் அழுத்தம் தாழ (மந்தகதியில் எஞ்சினுக்கு இது சுபாவமே), முகம் வெளிறி, இறங்கி, பானெட்டைத் திறந்து, கைகூப்பாத குறையாக நின்றார்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "சாமி, மலை அந்தப் பக்கம்" என்றார்.