அட்வான்ஸ் பத்து மாதம், விசாரணை ஏழு தலைமுறை

சென்னையில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் கிராமத்துப் பக்கம் போய் இருக்க வேண்டியதுதானே என்று அறிவுரை சொல்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு தகுதி பொதுவாக இருக்கும்: சொந்த வீடு.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. கிராமத்தில் வாடகை குறைவுதான். கொடுத்தால்.

சென்னைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சின்ன போர்ஷன் ஒன்றுக்கு வாடகை 12,000 ரூபாய் என்றால், பத்து மாத அட்வான்ஸ் 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று இன்னொரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்து வருகிறவர் அதே சுவரில் அதே எண்ணெய்க் கறையோடு குடித்தனம் நடத்துவார். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 2017இல் இயற்றினார்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வந்தது, எங்கே போனது என்றுதான் தெரியவில்லை. மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. அந்த இலவசம் ஓனரின் சப்-மீட்டருக்குள் நுழைந்து வெளியே வரும்போது யூனிட் பத்து ரூபாய் ஆகிவிடுகிறது.

‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று வாய்விட்டுக் கேட்க நகரத்து நாகரிகம் இடம் கொடுக்காது. அதனால் ‘நான்வெஜ் சாப்பிடுவீங்களா?’ என்று கேட்கிறார்கள். வந்தவர் முஸ்லிம் என்று பெயரிலேயே தெரிந்துவிட்டால் அந்தக் கேள்வியும் மிச்சம். ‘வீடு நேத்துதான் பேசி முடிஞ்சுது சார்.’ டூ-லெட் போர்டு மட்டும் அடுத்த மாதமும் தொங்கும்.

இப்போது மலிவான ஊருக்கு வாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி ஒரு நர்ஸ் வருகிறார். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் திருப்பூரில், சிங்கப்பூரில்.

‘எந்த ஊரும்மா?’

‘விழுப்புரம் பக்கம்ங்க.’

‘அங்க எந்தத் தெரு?’

சொல்கிறார். வீட்டுக்கார அம்மாவின் முகம் மாறுவதில்லை, அதுதான் பழக்கம். ‘பையன் பொங்கலுக்கு வருவான், அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்.’ அப்போது நடப்பது வைகாசி மாதம்.

அந்த வீட்டு மருமகளுக்குப் பிரசவம் பார்க்க அந்த நர்ஸின் கை வேண்டும். பிறந்த குழந்தையை முதலில் ஏந்துவதும் அந்தக் கைதான். அதில் யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. அவர் அடுப்பு மூட்டினால்தான் ஒட்டுமாம். வீடு கரையான் அரித்து, ஓடு சரிந்து விழட்டும். ஆனால் ‘அவங்க’ குடியிருக்கக் கூடாது. இந்தக் கௌரவத்துக்கு மாத வாடகை எவ்வளவு என்று எந்த புரோக்கரும் இதுவரை கணக்குப் போட்டதில்லை.

வேறு வழியில்லாமல் அவர் பக்கத்து டவுனில் வீடு பிடிக்கிறார். வாடகை டவுன் வாடகை. வீட்டு வாடகைப்படி மட்டும் வேலை பார்க்கும் ஊரை வைத்து; ஊர் சின்னதென்றால் படியும் சின்னது. கிராமத்தில் வாடகை மலிவு என்று அரசாங்கமும் நம்புகிறது, பாவம். அந்த அரசாங்கத்தின் கிராம வீட்டுத் திட்டங்களை எடுத்துப் பாருங்கள். பட்டா வைத்திருப்பவருக்கு வீடு கட்டப் பணம் தருவார்கள். கலைஞரின் கனவு இல்லம் என்றால் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம். நல்லதுதான். வாடகைக்கு இருப்பவர் என்றொரு ஜீவன் கிராமத்தில் உண்டு என்பது மட்டும் அந்தக் காகிதங்களில் இன்னும் ஏறவில்லை.

டவுனுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நர்ஸ் சாயங்காலமே கிளம்ப வேண்டியிருக்கிறது. உடனே ஊர் கொதிக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு: ‘நர்ஸ் இரவில் தங்குவதில்லை, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.’ முதல் கையெழுத்து, வீடு இல்லை என்று சொன்ன அதே வீட்டிலிருந்து.

மனு எழுதும் பெரியவர்களே, அடுத்த முறை ‘இணைப்பு’ என்ற இடத்தில் பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டுச் சாவியையும் சேர்த்து அனுப்புங்கள். அன்று ராத்திரியே நர்ஸ் ஊரில் இருப்பார்.