வண்டி தெரிஞ்சவர்

பழைய கார் வாங்கலாமா என்று ஒருவர் வீட்டில் வாயைத் திறந்தால் போதும், "தனியாப் போயி ஏமாந்து நிக்காதே, வண்டி தெரிஞ்சவர் யாரையாவது கூட்டிட்டுப் போ" என்று நாலா பக்கமிருந்தும் குரல் வரும். அந்த வண்டி தெரிஞ்சவர் எல்லா ஊரிலும் உண்டு. சில வீடுகளுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா, சில வீடுகளுக்கு அக்கா வீட்டுக்காரரின் சிநேகிதர். ஒரு காலத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர். சொந்தமாகக் கார் கிடையாது. மொபெட்டில்தான் வந்து இறங்குவார். அந்த மொபெட்டின் பின் டயர் மொட்டை.

வண்டி பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு இட்லியோடு வடையும் உண்டு. "வேலை இருந்துச்சு, தம்பிக்காக விட்டுட்டு வந்தேன்" என்பார். காரில் முன் சீட்டு அவருக்கு. பணம் கொடுக்கப் போகிறவர் பின்னால் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்வார்.

புரோக்கர் வாசலிலேயே எடைபோட்டுவிடுவார். பணம் யாரிடம் இருக்கிறது, தீர்ப்பு யாரிடம் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர் தொழில். "அண்ணே, உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று நாற்காலி போட்டு டீயும் வந்துவிட்டால், அண்ணன் பாதி அவர் பக்கம். மீதிப் பாதிக்கு, "டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்" என்ற இரண்டு வார்த்தை போதும். தமிழ்நாட்டில் விற்பனைக்கு நிற்கிற பழைய கார்களில் பாதியை டாக்டர்களும் மீதியை ரிட்டையரான ஹெட்மாஸ்டர்களும்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

பரிசோதனை தொடங்கும். பானெட்டைத் தூக்கச் சொல்லி, கண்ணை மூடி இன்ஜின் சத்தம் கேட்பார். ஆயில் குச்சியை உருவி, இரண்டு விரலில் தேய்த்து, மோந்து பார்த்து, தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம். நான்கு கதவையும் சாத்திச் சாத்திப் பார்ப்பார். கடைசியாக வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, முன் டயரை ஓர் உதை உதைப்பார். "நாலும் புதுசு தம்பி. கண்ணை மூடிக்கிட்டு நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும்." உதைத்த செருப்பின் நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். அன்று காலையில் பூசிய டயர் பாலிஷ். அதை அவரும் பார்க்க மாட்டார், நம்மாளும் பார்க்க மாட்டார்.

அந்தக் காலத்தில் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். மாடு வயதை மறைத்தாலும் பல் மறைக்காது. காருக்குப் பல் டயர்தான். பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் நம் அண்ணன் மாட்டை உதைக்கிறார்.

குனிந்திருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். 2020 மாடல் காரில் 2023ஆம் வருஷ டயர் கிடக்கிறது, மீட்டரோ இருபதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறது என்றால், டாக்டர் எதற்காக அத்தனை சீக்கிரம் டயர் மாற்றினார் என்று கேட்டிருக்கலாம். மீட்டரைத் திருப்பத் தெரிந்தவர்கள் டயர் தேதியைத் திருப்ப மெனக்கெடுவதில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டுப் பார்த்திருந்தால், எப்போதும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருக்கிற உள் ஓரம் வெளியே தெரிந்திருக்கும். விற்கிற இடத்தில் எல்லாக் காரும் சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு யோக்கியமாகத்தான் நிற்கும்.

பேரம் முடிந்து வண்டி வீட்டுக்கு வரும். கோயில் வாசலில் பூஜை. நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் பூசாரி குனிவார். வாங்கிய நாளிலிருந்து அந்த டயர்களைக் குனிந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கும் கவனம் பழத்தில்.

இரண்டு மூன்று மாதம் போகும். ஒருநாள் பஞ்சர் ஒட்டுகிற பையன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, "சார், உள்பக்கம் கம்பி தெரியுது. இதுலயா ஹைவேல போயிட்டு வந்தீங்க?" என்பான். வெளிப்பக்கம் பட்டன் எல்லாம் அப்படியே இருக்கும். உள் ஓரம் மட்டும் வழுவழுவென்று, நெற்றி எது தலை எது என்று தெரியாத பதத்தில் இருக்கும். உடனே போன் அண்ணனுக்குத்தான் போகும்.

அவர் வருவார். தவறு யாருடையது என்று வரும்போதே முடிவு செய்திருப்பார். "தம்பி, ஸ்பீடு பிரேக்கர்ல எப்படி ஏத்துறீங்க?" "வெயில்லயா நிறுத்துறீங்க?" "உங்க மாமனார் எப்பவும் இடது பக்கமே உட்கார்றாரோ?" என்று விசாரணை நடக்கும். ஏழு பேர் சேர்ந்து பழனிக்குப் போய் வந்ததை வீட்டுப் பெண்கள் ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிந்துவிடும்.

அடுத்தது வைத்தியம். டயர் மேல் "அதிகபட்சம் 44" என்று போட்டிருப்பதைக் கண்டுபிடித்து, "பாத்தியா, கம்பெனிக்காரனே எழுதியிருக்கான், நீ 32 வச்சு ஓட்டுறே" என்பார். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். காருக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கிற சீட்டில் இருக்கும். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி தேயும். குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால், காற்றின் மேல் பழி போடுவது பெரும்பாலும் வீண். இதைச் சொன்னால், "அப்ப நைட்ரஜன் போடு" என்பார். நாம் சும்மா அடிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதுவும் பலிக்காவிட்டால், "முன்னாடி டயரைப் பின்னாடி மாத்து" என்பார். மாற்றினால் பின்னால் இருந்த நல்ல டயர் முன்னால் வந்து, அதே ஓரத்தில், அதே அழகாகத் தேயத் தொடங்கும்.

கடைசியில் யாரோ சொல்லி, வண்டி அலைன்மென்ட் கடைக்குப் போகும். அங்கே இருக்கிற பையனுக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருக்கும். அவன் டயரை உதைப்பதில்லை. உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தடவு, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு. ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் முள்ளாகக் குத்தினால் அவனுக்குப் பாதி தெரிந்துவிடும். மெஷினில் ஏற்றினால் திரையில் சிவப்பும் பச்சையுமாக எண்கள் வரும். "டோ அவுட்டு சார். லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கு. அது மாத்தாம அலைன்மென்ட் பண்ணா நிக்காது."

விஷயம் அவ்வளவுதான். சக்கரத்தை இடத்தில் பிடித்து நிறுத்துகிற புஷ் தேய்ந்ததால், முன் சக்கரம் இரண்டும் நேராகப் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருக்கின்றன. சில மில்லிமீட்டர் விலகல்தான். ஆனால் சக்கரம் உருள்வதோடு நிற்காமல் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோளாறு முற்றினால் புது டயரையே சில ஆயிரம் கிலோமீட்டரில் தீர்த்துவிடும். எங்கோ குழியில் விழுந்தோ, மோதியோ கெட்ட இந்தச் சங்கதி பழைய டயரின் தேய்மானத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தும், காரை விற்கிறவர் புஷ்ஷை மாற்றவில்லை. மலிவாக நான்கு டயரைப் போட்டுப் பாலிஷ் பூசிவிட்டார். நான்கும் புதுசு என்று சந்தோஷப்பட்டோமே, அந்தப் புதுசுதான் முதல் சாட்சி.

பில் வரும். டயர், புஷ், அலைன்மென்ட், பேலன்சிங் என்று நீளும். புரோக்கருக்குப் போன் போட்டால், "சார், ரப்பருக்கு யாராவது கேரண்டி கொடுப்பாங்களா?" என்பார். அண்ணன் பில்லை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வார்: "நான் அப்பவே சொன்னேன், அந்த வண்டி லேசா இடது பக்கம் இழுக்குதுன்னு." எப்போது சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை வரமாட்டார். அவர் வராவிட்டால் யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாவம், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவரும் இல்லை. நமக்கு வேண்டியது காரைப் பற்றிய உண்மை இல்லை, வாங்கு என்று சொல்ல ஒரு பெரிய மனிதர். அந்த வேலையை அவர் குறைவில்லாமல் செய்கிறார்.

ஆகவே பழைய கார் வாங்கப் போகிற அன்பர்களே, அவரைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். வடையும் வாங்கிக் கொடுங்கள். அவர் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்து, குனிந்து, டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரின் தேதியையும் படியுங்கள். டயர் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் டயர் மாற்றுகிற செலவைப் பேரத்தில் கழியுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை ஒரு அலைன்மென்ட் கடையில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். புரோக்கர் சம்மதித்தால் மேலே பேசுங்கள். "எதுக்கு சார், டாக்டர் ஓட்டின வண்டி" என்றால், அண்ணனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள்.