மானிட்டருக்கு வாய் வேண்டுமா?

மானிட்டர் வாங்குவதில் எனக்கிருந்த ஒரே தகுதி, பணம் கட்டப்போகிறவன் நான் என்பதுதான். மற்ற தகுதிகளெல்லாம் மற்றவர்களிடம் இருந்தன. மகனுக்கு ஹெர்ட்ஸ் தெரியும். மனைவிக்கு மேசையின் அகலம் தெரியும். சென்னையிலிருக்கும் மைத்துனனுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் விலை தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், பழைய மானிட்டரில் இடப்பக்கம் ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது, அதோடேயே இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்பதுதான். இந்தக் கருத்தை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

24 அங்குலம் என்பதில் தகராறு இல்லை. தகராறு ஸ்பீக்கரில் வந்தது. மானிட்டருக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்க வேண்டும் என்பது மனைவி கட்சி. "தனி ஸ்பீக்கர்னா நாலு வயர். நாலு வயர்லயும் தூசி, எறும்பு, பல்லி எச்சம். யாருங்க துடைக்கிறது?" இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. மகன்தான் சொன்னான்: "மானிட்டர்ல இருக்கறது ஸ்பீக்கரே இல்லப்பா, கொசு."

பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் உள்ளே வைப்பது இரண்டு வாட் ஸ்பீக்கர் இரண்டு. சத்தம் என்பது காற்றைத் தள்ளுகிற வேலை; கனத்த சத்தத்துக்கு நிறையத் தள்ள வேண்டும். விரல் தடிமன் பலகைக்குள் அதற்கு இடம் ஏது? மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும், தொப்பி காணாமல் போயிருக்கும். முன்பக்கம் முழுக்கத் திரையாகிவிட்டதால் ஸ்பீக்கரின் வாயைக் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ வைத்துவிடுகிறார்கள். வருகிற சத்தத்தை முதலில் கேட்பது அப்பா காலத்துப் படாக் மர மேசை. மிச்சம் இருந்தால் எனக்கு.

இது மெயின்லேண்டுக்காரர்களின் கணக்கு. எங்கள் கணக்கில் தகரக் கூரை என்று ஒன்று சேரும். போர்ட் பிளேரில் இருக்கிறோம். (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்குப் போவதற்கு முன்பு, மே மாதமே எங்களிடம் ஆஜராகிவிடும். அது கிளம்பினால் வடகிழக்கு. சென்னையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்தால் இங்கே 3,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. என் பங்கு முழுவதும் தகரத்தின் மேல்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் இணையமெல்லாம் சாட்டிலைட் தயவு. வீடியோ காலில் உறவினர்கள் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார்கள். போர்ட் பிளேருக்கும் மற்ற தீவுகளுக்குமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள், 1,224 கோடி ரூபாய்த் திட்டம். உறவினர்கள் அசையத் தொடங்கினார்கள். ஆனால் கடலுக்கடியில் அத்தனை தூரம் நனையாமல் வருகிற குரல், மானிட்டருக்கும் என் காதுக்கும் நடுவிலுள்ள இரண்டடியில் மழையில் மூழ்கிவிடுகிறது.

அப்படித்தான் ஒரு ஜூலை மாலை ஊரிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். பழைய மானிட்டரிலும் ஸ்பீக்கர் உண்டு; நூறில் வைத்தேன். வெளியே அடைமழை. பெரியப்பாவின் மீசை மேலும் கீழும் போனது தெரிந்தது. பெரியவர்கள் பேசும்போது தலையாட்டுவது நம் குடும்ப வழக்கம், ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்தது; இன்னும் நன்றாக ஆட்டினேன். மழை விட்டபின் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் வரிசையாகக் கும்பிட்ட கைகள். குலதெய்வம் கோவில் கும்பாபிஷேகத்துக்கு வெண்கல மணி என் உபயமாம். "உம் பேர்ல எழுதிக்கட்டுமாப்பா?" என்றுதான் கேட்டிருக்கிறார்.

இதையே சாட்சியாக்கி மகன் வாதாடினான்: உள் ஸ்பீக்கரால் ஏற்பட்ட நஷ்டம், வெண்கல மணி ஒன்று. மனைவி அசரவில்லை. "அதுக்கு ஸ்பீக்கர் என்ன பண்ணும்? மழை இல்லாதப்ப மட்டும் நீங்க காது குடுத்துக் கேட்டிருக்கீங்களா?" தீர்ப்பு அத்தோடு முடிந்தது.

வாங்குவது தனிக் கதை. இணையக் கடையொன்றில் 744 என்று தொடங்கும் பின்கோடு அடித்ததும், உங்கள் பகுதிக்கு அனுப்ப இயலாது என்றது. "மாமா, இங்க வாங்கிக் கப்பல்ல வர்ற யார்கிட்டயாவது குடுத்து விடறேன்" என்றான் மைத்துனன். மூன்று நாள் கப்பலில், பங்க் கிளாஸில், அந்தப் பெட்டிமேல் யாரெல்லாம் உட்காருவார்கள் என்று யோசித்து மறுத்துவிட்டேன். கடைசியில் அபர்தீன் பஜாரிலேயே வாங்கினோம். முதலில் காட்டிய பெட்டியில் 'ஆடியோ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் இயர்போன் துளை மட்டும்தான். அடுத்ததில் ஸ்பீக்கரும் இருந்தது, துளையும் இருந்தது. சில நூறு ரூபாய்தான் கூடுதல். வயர் இல்லை. மனைவி கட்சி ஜெயித்தது.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அதில் செய்தி கேட்கலாம், பாதகமில்லை. பாட்டு கேட்பவர்கள் தனி ஸ்பீக்கரே வாங்கிக்கொள்ளுங்கள். உள் ஸ்பீக்கருக்காகத் திரையின் தரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய விஜிஏ வயரில் படம் மட்டும்தான் வரும், எச்டிஎம்ஐ வயராகக் கேட்டு வாங்குங்கள். தகரக் கூரைக்காரர்கள் மானிட்டரின் முதுகைத் தடவி, இயர்போன் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஊரில் பெரியப்பா இருப்பவர்கள் இரண்டு தடவை தடவிப் பாருங்கள்.