ஓட்டில் கோளாறு

நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு குளியலறையில் ஆமை இருக்கும் போலிருக்கிறது. எழுதியவர்களின் ஊரை மட்டும் போடுகிறேன். பெயர் வேண்டாம். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

மதுரை: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்கிறார்களே, உண்மையா?

நட்சத்திர ஆமை என்றால் இரண்டும் ஜோடியாகவே வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. தண்டனை குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு. அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லி விற்றவர், யாருக்கு என்று சொல்லியிருக்க மாட்டார்.

கோவை: மாமா காலமாகிவிட்டார். அவர் வீட்டு மாடிக் குளியலறையில் ஒரு நட்சத்திர ஆமை கிடைத்தது. இட்லியும் பாலும் கொடுத்து வளர்த்தாராம். ஓட்டை அழுத்தினால் அமுங்குகிறது. ஒரு வாரத்தில் தேற்றிவிட முடியுமா?

ஒரு வாரத்திலா? அது இந்தக் கதிக்கு வர எத்தனை வருஷம் ஆனது என்று மாமாவைத்தான் கேட்க வேண்டும். ஆமைக்கு நோய் வருவதும் மெதுவாக. போவது அதைவிட மெதுவாக.

முதல் வேலையாக மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எப்படிக் கைக்கு வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லி ஒப்படையுங்கள். கொஞ்சம் தேறட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று மாதக்கணக்கில் வைத்திருந்தால், மாமா விட்டுப்போன சொத்தோடு வழக்கும் உங்கள் பேருக்கு மாறிவிடும்.

இட்லியில் கால்சியம் சொற்பம், பாஸ்பரஸ் அதைவிட அதிகம். ஆமைக்கு வேண்டியது நேர் தலைகீழ். போதாக்குறைக்குக் குளியலறையில் வெயில் கிடையாது. வெயில் படாவிட்டால் தோலில் விட்டமின் டி உண்டாகாது. அது இல்லாமல் தின்ற கொஞ்சநஞ்சக் கால்சியமும் உடம்பில் ஒட்டாது. ஆனால் இதயம் துடிக்கவும் தசை அசையவும் ரத்தத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். எங்கே போகும்? தன் எலும்பையே அரித்து எடுக்கும். ஆமையின் ஓடும் எலும்புதான். அதனால்தான் அமுங்குகிறது. பாலைப் பற்றி ஒரே வார்த்தை: எந்த ஆமைக்கும் அதன் தாய் பால் கொடுத்ததில்லை.

வனத்துறையினர் வந்து சேரும்வரை அதைக் கதகதப்பான இடத்தில் வையுங்கள். அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தலை நன்றாக வெளியே இருக்கும்படி கால் மணி நேரம் உட்கார வையுங்கள். குடிக்கும்; கூடவே கழியும். இரண்டுமே நல்லது. சாப்பாட்டுக்கு அவசரம் வேண்டாம். உடம்பு குளிர்ந்திருந்தால் தின்றது செரிக்காமல் குடலிலேயே புளிக்கும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகத் தீனியைத் திணித்தால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிரே போகலாம். முதலில் சூடு, அடுத்தது தண்ணீர், கடைசியில்தான் தீனி. விருந்தாளி வந்ததும் இலை போடும் நம் பழக்கம் இங்கே ஆகாது.

தஞ்சாவூர்: கண்ணாடி ஜன்னல் வழியாக எங்கள் ஆமைக்குத் தினமும் நல்ல வெயில் கிடைக்கிறது. இருந்தும் கால் வளைந்துகொண்டே போகிறதே?

விட்டமின் டிக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. வெளிச்சம் வரும், சூடும் வரும், வர வேண்டியது மட்டும் வெளியே நின்றுவிடும். வெயில் குறைந்த நாடுகளில் இதற்கென்றே விளக்கு விற்கிறார்கள். அதிலும் ஒரு சூது உண்டு. சில மாதங்களில் கதிர் தீர்ந்துவிடும். விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல எரிந்துகொண்டிருக்கும். தஞ்சாவூரில் விளக்குக்கு என்ன அவசியம்? கதவைத் திறந்தால் போதுமே. அது இருக்கட்டும், ‘எங்கள் ஆமை’ என்றா எழுதியிருக்கிறீர்கள்? முதல் பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

விருதுநகர்: ஆமைக்கு நாட்டு மருந்துக் கடையில் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். கடல் நுரை என்று கேளுங்கள். கணவாயின் உள்ளே இருக்கும் ஓடு அது. கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்பு. மீட்ட ஆமைகளுக்கு உலகெங்கும் கடித்துத் தின்னக் கொடுக்கிறார்கள். கால்சியம் சேரும், அளவுமீறி வளர்ந்த அலகும் தேயும். மற்றபடி அருகம்புல், செம்பருத்தி இலை, சப்பாத்திக் கள்ளி என்று வேலியோரம் கிடைப்பதே அதற்கு விருந்து. பசலைக் கீரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைச் சிறைபிடித்து வைத்துக்கொள்ளும்.

சேலம்: மூக்கில் குமிழ் குமிழாக வருகிறது. நாய்க்கு வாங்கிய ஊசி மருந்து மிச்சம் இருக்கிறது. போடலாமா?

முதலில் அந்த மருந்தைக் கீழே வையுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் புழு, உண்ணி போகத் தரும் ஐவர்மெக்டின், ஆமைக்கு நஞ்சு. கை கால் செயலிழந்து சாகும். கண் வீங்கியிருக்கிறதே என்று விட்டமின் ஏ ஊசியைத் தாராளமாகப் போட்டுத் தோல் உரிந்துபோன ஆமைகளும் உண்டு. இன்னொரு விசித்திரம்: ஆமையின் பின்பாதி ரத்தம் சிறுநீரகத்தின் வழியாகத் திரும்பும் அமைப்பு கொண்டது. ஆகவே விஷயம் தெரிந்த மருத்துவர் முன்னங்காலில்தான் ஊசி போடுவார். பின்னங்காலைத் தேடுபவரிடமிருந்து ஆமையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

குமிழ் விளையாட்டல்ல. நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் அதற்கு இல்லை. இருமிச் சளியை வெளியே தள்ளவும் முடியாது. உள்ளேயே தங்கி நிமோனியா ஆகும். கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவர் உங்கள் பக்கத்தில் இல்லை என்றால் வன அலுவலகத்திலேயே வழி கேளுங்கள். எப்படியும் அங்கே போக வேண்டியவர்தானே!

காரைக்குடி: ஓடிப்போகாமல் இருக்க ஓட்டின் ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டியிருந்தார் முன்பு வளர்த்தவர். ஓடுதானே, வலிக்காது இல்லையா?

அது சட்டை இல்லை, கழற்றி மாட்ட. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாகிப் பரந்ததுதான் ஓடு. மேலே தெரிவது நகப்பொருளால் ஆன தகடு. அதற்கு அடியில் ரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. வலிக்கும். அந்தத் துளை வழியாகக் கிருமியும் எலும்புக்குப் போகும். கொல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிச் சாலையில் அத்வைதா என்ற ராட்சத ஆமை இருந்தது. ராபர்ட் கிளைவிடம் இருந்தது என்பார்கள். அந்தக் கதைக்கு நான் ஜாமீன் இல்லை. இரண்டு நூற்றாண்டு தாண்டியதாகச் சொல்லப்பட்ட அந்த ஆமையின் ஓட்டில் விரிசல் விட்டு, அடியில் புண் வைத்தது. 2006 மார்ச்சில் இறந்துபோனது. ஓட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்களும், பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுபவர்களும் இந்தப் பதிலிலேயே தங்கள் பங்கையும் எடுத்துக்கொள்ளலாம்.

திருச்சி: ஓடு மேடுமேடாக மலைக்கோட்டைபோல இருக்கிறது. சரியான தீனி கொடுத்தால் சமமாகிவிடுமா?

ஆகாது. நட்சத்திர ஆமைக்குப் பிறவியிலேயே கொஞ்சம் மேடு உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தண்ணீரும் ஈரக்காற்றும் போதாமல் குட்டியிலேயே காய்ந்து வளர்ந்ததால் எழுந்த கோபுரம் மட்டும் கடைசிவரை அப்படியே நிற்கும். இனி வளரும் ஓரம் சமமாக வந்தால் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம். மருத்துவர்கள் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

கும்பகோணம்: வளர்த்தது பாவம் என்று புரிந்துவிட்டது. மகாமகக் குளத்தில் விட்டுவிடட்டுமா?

பாவம் தீரக் குளத்தில் இறங்க வேண்டியவர் நீங்கள். ஆமை என்ன செய்தது? நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, நீந்தத் தெரியாது. மூழ்கிச் சாகும். மீன் கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமை என்றால் வேறு விதமான ஆபத்து. அது நன்றாக நீந்தும், பெருகும், நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். பூர்விகம் அமெரிக்கா.

நெல்லை: பிடிபட்ட ஆமைகளை வனத்துறை உடனே காட்டில் விடாமல் ஏன் அடைத்துவைக்கிறது? அதுவும் சிறைதானே?

நல்ல கேள்வி. கடத்தலின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவில் ஒரே ஒரு வியாபாரக் கண்ணியின் வழியாக மட்டும் ஓர் ஆண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிபட்டுப் போகின்றன என்று 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காலையும் தலையையும் உள்ளே தள்ளி டேப் சுற்றி, சாக்ஸுக்குள் போட்டுப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தியை நீங்களே பலமுறை படித்திருப்பீர்கள்.

பல இடங்களில் பிடித்தவை ஒரே பெட்டியில் நெருக்கிக் கிடக்கும்போது ஒன்றின் கிருமி எல்லாவற்றுக்கும் தொற்றும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் ஆமைகூட சளிக் கிருமியை வருடக்கணக்கில் சுமந்து திரியும். அப்படியே காட்டில் விட்டால், அங்கே நன்றாக இருப்பவற்றுக்கும் பரப்பிவிடும். மேலும் இந்த இனம் ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஒரு கூட்டம், தென்னிந்தியாவில் ஒரு கூட்டம், இலங்கையில் ஒரு கூட்டம் என்று பிரிந்து வாழ்கிறது. எந்த மண்ணின் ஆமை என்று தெரியாமல் எங்கே கொண்டுபோய் விடுவது? சிங்கப்பூரில் மீட்ட 51 ஆமைகள் 2018இல் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பின. அவற்றையும் இறங்கிய கையோடு காட்டுக்கு விரட்டவில்லை. தனிமையில் வைத்துத்தான் பார்த்தார்கள். 2019இல் சர்வதேச வணிகமே தடைசெய்யப்பட்டது. அதனால் கடத்தல் நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். சாக்ஸ் இன்னும் விற்கிறார்கள்.

புதுச்சேரி: வயதான, கண் தெரியாத ஆமைக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பது வீண் செலவு அல்லவா?

செயின்ட் ஹெலினா தீவில் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் ஜோனதன் என்றோர் ஆமை. 1882இல் அங்கே வந்தபோதே முழுதாக வளர்ந்திருந்ததால், பிறப்பு 1832 வாக்கில் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கண்புரையால் பார்வை போய்விட்டது, மோப்பமும் இல்லை. எது புல், எது மண் என்று தெரியாமல் கடித்துக் கடித்து மெலிந்தது. அலகு மழுங்கி உதிர்ந்தது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்திருக்கக்கூடிய நிலை. கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் கண்டுபிடித்த நோயின் பெயர் முதுமை இல்லை, பட்டினி. வாரம் ஒரு தடவை வெள்ளரி, கேரட், ஆப்பிள், வாழைப்பழம் என்று கையால் ஊட்ட ஆரம்பித்தார். கண் தெரியாததால் விரலையும் சேர்த்துக் கடித்துவிடும் என்று கையுறை வேறு. அலகு திரும்பக் கூர்மையானது; தானே புல் கறித்தது. அப்போது அதற்கு வயது 180க்கு மேல். வீண் செலவு என்றா சொன்னீர்கள்? காய்கறி விலையைச் சொல்லுங்கள், கணக்குப் பார்ப்போம்.

ஈரோடு: இரண்டு நாளாக அசையவில்லை. செத்துவிட்டதா, தூங்குகிறதா?

புதைக்க அவசரப்படாதீர்கள். குளிரில் ஆமையின் மூச்சும் நாடியும் கைக்கே தட்டுப்படாத அளவு குறைந்துவிடும். செத்த பிறகும் இதயம் கொஞ்ச நேரம் துடிக்கும் பிராணி அது. கருவி வைத்துப் பார்க்கும் மருத்துவரே யோசித்துத்தான் சொல்வார்.

சென்னை: பையன் ஆமை வேண்டும் என்று அழுகிறான். சமாதானப்படுத்த வழி சொல்லுங்கள்.

மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போங்கள். 1976இல் தொடங்கியது, ஆமைகளும் இருக்கின்றன. ஆசை தீரப் பார்க்கட்டும். திரும்பி வரும்போது முதலை வேண்டும் என்று அழுதால் எனக்கு எழுதாதீர்கள்.