முழுப்பேரா, அரைப்பேரா?

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் துரை கெட்டிக்காரரா என்று தெரிய, எந்த மாதம் பொறுப்பெடுத்தார் என்று கேட்டால் போதும். ஏப்ரல் மழையோடு வந்தவர் மேதை. பெப்ரவரி வெயிலில் வந்தவர் விளங்காதவர். கொழுந்து மடுவத்துத் தராசுக்கு மழையையும் துரையையும் பிரித்து நிறுக்கத் தெரியாது.

ஹொக்கிப் பயிற்சியாளரையும் இதே தராசில்தான் ஏற்றுகிறோம். கிரஹாம் ரீட் 2019இல் இந்திய அணிக்கு வந்தார். 2021இல் டோக்கியோவில் ஜேர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம். 41 ஆண்டுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம். கடைசி விநாடிகளில் பெனால்டி கோர்னரைத் தடுத்தது என்னவோ கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ். இருக்கட்டும், தோட்டத்துக் கணக்கில் முழுநாள் சம்பளம் விழுவதுபோல, ரீடுக்கும் முழுப்பேர் விழுந்தது. 2023 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோல்வி, ஒன்பதாம் இடம். ரீட் விலகினார். அந்த ஷூட் அவுட் மறுபக்கம் திரும்பியிருந்தால் அதே மனிதர் இன்னும் மேதை.

இங்கே தோட்டத்தில் கொழுந்துக் கிலோ குறைந்தால் பறித்தவருக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். மலை செங்குத்தா, அட்டைக்கடியா, கொழுந்தே துளிர்க்கவில்லையா என்று கணக்கப்பிள்ளை கேட்பதில்லை. ரீடிடமும் யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. ஒரே வித்தியாசம், அவரால் இராஜினாமாக் கடிதம் எழுத முடிந்தது.