பலூன் பயம்

? பட்டினப்பாக்கம் பீச்சில் என் பையன் ஒரே குண்டில் பலூனை உடைத்துவிடுகிறான். இரண்டாம் உலகப் போரில் பலூன் கட்டி விமானத்தை விரட்டினார்கள் என்கிறீர்களே, காதில் பூவா? – ஒரு வாசகர், பட்டினப்பாக்கம்

! பலூனுக்கு யார் பயந்தார்கள்? அதைக் கட்டியிருந்த இரும்பு வடத்துக்கு! விமானம் தாழப் பறந்தால் இறக்கை போகும். உயரப் பறந்தால் குறி போகும். 1940 செப்டம்பர் சூறாவளியில் அறுத்துக்கொண்ட பிரிட்டிஷ் பலூன்கள் ஸ்வீடன், டென்மார்க் வரை போய் மின்சாரக் கம்பிகளைப் பதம் பார்த்தன. ‘அட, இதுவும் நல்ல யோசனைதான்’ என்று 1942 முதல் ஃபெலிக்ஸ்டோவ் துறைமுக ஊரிலிருந்து ஜெர்மனிக்கு வேண்டுமென்றே பறக்கவிட்டார்கள்.

விமான பயம் நம்மூரையும் விடவில்லை. அதே 1942 ஏப்ரலில், ஜப்பான் வருகிறது என்று மதராஸ் மூட்டை கட்டியது. மிருகக்காட்சிசாலைச் சிங்கம், புலிகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டது 1943 அக்டோபரில்!