முட்டைப் பந்தும் டை முடிச்சும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாலை வேளையில் ஒரு வகுப்பு நடக்கும். வருபவர்கள் எல்லாரும் கால்பந்து வீரர்கள். நம் கால்பந்து அல்ல; முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் மோதி விழும் அந்த ஊர் ஆட்டம். நூற்று முப்பது கிலோ எடையும் பத்தொன்பது அங்குலக் கழுத்துமாக வந்து உட்காரும் பையன்களுக்கு டை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பார்கள். கடையில் வாங்கிய டை அந்தக் கழுத்தைச் சுற்றி வந்து தொப்புளுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். அடுத்தது விருந்து மேசை: எந்த முள்கரண்டியை முதலில் எடுப்பது, மடியில் துணியை எப்போது விரிப்பது. அப்புறம் கைகுலுக்கல்: கண்ணைப் பார், எலும்பை நொறுக்காதே. கடைசியில் ரெசியூமே. 'அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று விழிப்பவனிடம், 'நேர மேலாண்மை என்று போடு' என்பார்கள். எழுந்திருக்கும் நேரம், தின்னும் நேரம், தூங்கும் நேரம் எல்லாவற்றையும் நாலு வருஷமாக வேறொருவர் தீர்மானித்த பையன் அவன்.

இதற்கு 'ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான தயாரிப்பு' என்று பெயர். 2024 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயமும் ஆகிவிட்டது. கல்லூரி விளையாட்டுகளைக் கட்டியாளும் சங்கமான என்சிஏஏ, முதல் பிரிவுக் கல்லூரிகள் அனைத்தும் தங்கள் வீரர்களுக்கு வேலைவாய்ப்பு ஆலோசனையும் வாழ்க்கைத் திறன் பயிற்சியும் தந்தே தீரவேண்டும் என்று விதி செய்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். நூறு, நூற்றைம்பது வருஷமாகப் பல்கலைக்கழகம் நடத்துகிறவர்களிடம் போய், 'உங்களிடம் படிக்க வந்த பிள்ளைக்குப் பிழைப்புக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்கள்' என்று ஓர் ஆட்டச் சங்கம் ஆணை போடுகிறது. பல்கலைக்கழகங்களும் வெட்கப்படாமல் 'ஆகட்டும்' என்று தலையாட்டுகின்றன. சாறு முழுவதையும் பிழிந்துகொண்ட ஆலை, வெளியே வந்து விழும் சக்கைக்கு 'சாற்றுக்குப் பிந்தைய வாழ்க்கை' என்று வகுப்பெடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

கல்லூரியில் ஆடுகிறவர்களில் தொழில்முறை ஆட்டத்துக்கு, அதாவது என்எஃப்எல்லுக்கு, போய்ச் சேருகிறவர்கள் 100க்கு இரண்டு பேர்கூட இல்லை. என்சிஏஏ தானே வெளியிடும் கணக்கு 1.6 சதவீதம். போய்ச் சேர்ந்தவர்களும் சராசரியாக மூணேகால் வருஷம்தான் தாக்குப்பிடிக்கிறார்கள் என்கிறது அவர்களுடைய தொழிற்சங்கம். ஆக, முதல் நாள் காலையிலேயே கல்லூரிக்குத் தெரியும்: இந்த நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஆட்டத்துக்கு அப்பால்தான் வாழ்க்கை. தெரிந்துகொண்டேதான் அந்த நாலு வருஷத்தைத் தின்கிறார்கள்.

எப்படித் தின்கிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சியம் இருக்கிறது. சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் படிப்புக்குப் பேர்போனது. சராசரி ஆட்டக் கல்லூரி அல்ல. அங்கே பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடிய கெயின் கோல்ட்டருக்கு டாக்டராக ஆசை. அதற்கு வேண்டிய வேதியியல் பாடம் காலையில், பயிற்சியும் காலையில். எது ஜெயித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வேதியியலைக் கோடை விடுமுறைக்குத் தள்ளினார், பின்தங்கினார், கடைசியில் உளவியலுக்கு மாறினார். பிறகு சக வீரர்களைத் திரட்டித் தொழிற்சங்கம் வைக்கக் கிளம்பினார். 2014 மார்ச்சில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் விசாரித்து, பருவத்தில் இவர்கள் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஆட்டத்துக்கு உழைக்கிறார்கள், வகுப்பில் உட்காருவது 20 மணி நேரம், ஆகவே இவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தார். ஏப்ரலில் வீரர்கள் ஓட்டுப் போட்டார்கள். வாரியம் ஓட்டுப் பெட்டியைப் பூட்டி வைத்தது. 2015 ஆகஸ்ட்டில் மேல் வாரியம், இந்த விவகாரத்தில் தலையிடப் போவதில்லை என்று கைகழுவியது. அந்த ஓட்டுகள் எண்ணப்படவே இல்லை. ஜனநாயகத்தை உலகத்துக்கெல்லாம் ஏற்றுமதி செய்யும் தேசம்!

என்சிஏஏ விதிப்புத்தகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் பயிற்சி கூடாது என்று 1991 முதல் இருக்கிறது. ஆனால் கணக்குப் போடும் அழகு தனி. ஆட்ட நாள் முழுவதும் மைதானத்தில் கிடந்தாலும் மூன்று மணி நேரம் என்றே எழுதிக்கொள்ளலாம். பயண நேரம் கணக்கில் வராது. 'விருப்பத்தின்பேரில்' செய்யும் உடற்பயிற்சி கணக்கில் வராது. விருப்பம் இல்லாதவன் அடுத்த வாரம் பெஞ்சில் உட்காருவான், அவ்வளவுதான். நம் ஊர் ரேஷன் கடைத் தராசுகூட இதைப் பார்த்தால் நாணும்.

சரி, வகுப்புக்குப் போகாமல் பட்டம் எப்படி? அதற்கும் வழி கண்டது நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகம். 1993 முதல் 2011 வரை, பதினெட்டு வருஷம், ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுகள் துறையில் 'காகித வகுப்புகள்' நடந்தன. நடந்தன என்பதே தப்பு. நடக்கவில்லை, பெயர் மட்டும் இருந்தது. ஆசிரியர் கிடையாது, பாடம் கிடையாது. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதைத் திருத்தி மார்க் போட்டவர் பேராசிரியர்கூட இல்லை, அலுவலக நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணி. 3,100 மாணவர்களுக்குமேல் இதில் பயன்பெற்றார்கள். ஏறத்தாழப் பாதிச் சேர்க்கை விளையாட்டு வீரர்களுடையது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடும் இல்லை.

இந்த மோசடி பற்றி 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கையில் இருக்கும் ஒரு ஸ்லைடைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்க் போட்டுவந்த அந்த அம்மையார் ஓய்வுபெற்ற பிறகு, 2009 நவம்பரில், வீரர்களின் படிப்பைக் கவனிக்கும் ஆலோசகர்கள் கால்பந்துக் கோச்சுகளைக் கூட்டி ஒரு விளக்கம் தந்தார்கள். இதுவரை பையன்களை எப்படிப்பட்ட வகுப்புகளில் போட்டுவந்தோம் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது: வகுப்புக்குப் போகவேண்டாம், குறிப்பெடுக்க வேண்டாம், விழித்திருக்க வேண்டாம், பேராசிரியரைச் சந்திக்க வேண்டாம், பாடத்தில் கவனம் வைக்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட வகுப்புகள் இனி இல்லை என்பதுதான் அன்றைய துக்கச் செய்தி. மோசடியை மறைத்து வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பவர்பாயிண்ட் போட்டு இரங்கல் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள்!

தண்டனை? 2017 அக்டோபரில் என்சிஏஏ தீர்ப்புச் சொன்னது. அந்த வகுப்புகளில் வீரர்கள் மட்டுமல்ல, எல்லா மாணவர்களும் சேரமுடிந்தது. ஆகவே இது வீரர்களுக்குத் தந்த தனிச் சலுகை ஆகாது. ஆகவே விதிமீறல் என்று முடிவுகட்ட இயலாது. அதாவது எல்லாரையும் சேர்த்து ஏமாற்றினால் குற்றமில்லை. சமத்துவம் என்றால் இதுவல்லவோ சமத்துவம். கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்ல வந்த துறையையே இந்தக் கூத்துக்கு மேடையாக்கினார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. களத்தில் மோதி விழுபவர்களில் கறுப்பினப் பையன்கள் ஏராளம். தலைமைக் கோச்சின் நாற்காலியில் அவர்களைத் தேடத்தான் வேண்டும்.

இதில் புதிதாக எதுவும் இல்லை. 1989இல் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் டெக்ஸ்டர் மேன்லி என்ற என்எஃப்எல் நட்சத்திரம் உட்கார்ந்து அழுதார். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் இருந்தவர். தனக்குச் சரிவர எழுதப் படிக்கத் தெரியாது என்று சபையில் சொன்னார். ஒரு பல்கலைக்கழகம் நாலு வருஷம் ஒருவரைத் தன் சட்டையைப் போடவைத்து, தன் பெயரைச் சொல்லி ஊர் ஊராக அழைத்துப் போயிருக்கிறது. இவரால் ஒரு பக்கம் படிக்க முடியுமா என்று பார்க்க யாருக்கும் கை ஒழியவில்லை.

படிப்பு போகட்டும், உடம்பு? 1955இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். குடும்பஸ்தர். தொழிலாளி வேலையில் செத்தால் கிடைக்கும் இழப்பீட்டை மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை, ஆகவே அவர் தொழிலாளி அல்ல என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த மாதிரி விதவைகள் நாளைக்கும் வருவார்கள் என்ற முன்யோசனையில்தான் என்சிஏஏயின் முதல் தலைமை நிர்வாகி வால்ட்டர் பையர்ஸ் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற பட்டத்தை ஊரெல்லாம் புழக்கத்தில் விட்டார். வீரர்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில் செய்தது அது என்று 1995இல் தம் நூலில் அவரே எழுதினார், ஓய்வுபெற்ற பிறகு. பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும் மனசாட்சி விழித்துக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. 1974இல் ஆட்டத்தில் முதுகுத்தண்டு முறிந்து முடங்கிப்போன டெக்ஸாஸ் வீரர் கென்ட் வால்ட்ரெப் வருஷக்கணக்கில் வழக்காடினார். 2000இல் அவருக்கும் மேல்முறையீட்டில் அதே பதில்தான்: நீ தொழிலாளி அல்ல.

மூளை விஷயம் இன்னும் கேவலம். இறந்துபோன வீரர்களின் மூளைகளைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். கல்லூரி மட்டம் வரை ஆடியவர்கள் 53 பேரில் 48 பேருக்கு, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவு இருந்தது. அறிகுறிகளைப் பார்த்துக் குடும்பத்தார் கொடுத்த மூளைகள்தாம் இவை, எல்லா வீரர்களுக்கும் இந்த விகிதம் பொருந்தாது என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள், நியாயம். ஆனாலும் 48 என்பது 48தான். தலையடி வழக்கில் என்சிஏஏ 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 7 கோடி, முன்னாள் வீரர்களுக்குப் பரிசோதனை செய்ய; 50 லட்சம், ஆராய்ச்சிக்கு. பாதிக்கப்பட்டவர் கைக்கு இழப்பீடு என்று அதில் ஒரு காசு இல்லை. மூளை கெட்டுவிட்டதா என்று பார்த்துச் சொல்வார்கள். கெட்டிருந்தால் அது உன் பாடு. முதலில் சொன்ன 2024 புது விதியின்படி ஆட்டக் காயத்துக்குக் கல்லூரியை விட்டபின் குறைந்தது இரண்டு வருஷம் மருத்துவச் செலவைக் கல்லூரி ஏற்கவேண்டும். தேய்ந்த முழங்கால் மூட்டு நாற்பது வயதில்தான் உயிரை எடுக்கும் என்பது எலும்பு டாக்டர்கள் எல்லாருக்கும் தெரியும். விதி எழுதியவர்களுக்கும் தெரியும். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பது இதுதான்; அதுவும் இரண்டே வருஷம் ஆட்டுவார்கள்.

ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு அருமையாகத் தயார்செய்யப்பட்ட மனிதர்களும் இந்த அமைப்பில் இல்லாமல் இல்லை. ஜிம்போ ஃபிஷர் என்பவர் டெக்ஸாஸ் ஏ&எம் பல்கலைக்கழகத்தின் கோச்சாக இருந்தவர். அணி எதிர்பார்த்தபடி ஜெயிக்கவில்லை. 2023 நவம்பரில் அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். போய்வா என்று சொல்வதற்கு ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியது 7.5 கோடி டாலருக்குமேல். நம் பணத்தில் 600 கோடி ரூபாயைத் தாண்டும். தோற்றதற்கு. கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் டாபோ ஸ்வின்னி இன்னும் சுவையானவர். கல்லூரி ஆட்டத்தைத் தொழிலாக்கி வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் நான் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன் என்று 2014இல் அறச்சீற்றம் கொண்டார். 2019இல் பத்து வருஷத்துக்கு 9.3 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவருடைய அணிக்கு 2017இல் 5.5 கோடி டாலரில் கட்டிய மாளிகையில் சறுக்குமரம் இருக்கிறது, குட்டி கோல்ஃப் திடல் இருக்கிறது. பதினெட்டு வயது ஆண்பிள்ளைகளுக்குச் சறுக்குமரம்! அவனைக் கடைசிவரை குழந்தையாகவே வைத்திருந்தால்தானே சம்பளம் கேட்கமாட்டான்?

'இப்போதுதான் காசு கொடுக்கிறார்களே' என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கிறார்கள். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூன் தீர்ப்புக்குப் பிறகு கல்லூரியே நேரடியாகப் பங்கு தரலாம், முதல் வருஷமான 2025-26இல் ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர் வரை. மனமிரங்கிக் கொடுத்ததல்ல, கோர்ட்டு கோர்ட்டாகத் தோற்ற பிறகு கொடுத்தது. அதிலும் பெரிய பங்கு குவார்ட்டர்பேக் மாதிரி நாலைந்து முகங்களுக்குப் போகும். பயிற்சியில் தினமும் இடிவாங்கும் கடைசி வரிசைப் பையனுக்கு வழக்கமான டை வகுப்புதான். காசு வந்ததால் படிப்பாவது திரும்பி வந்ததா என்றால், டிவிக்காரர்கள் விடவில்லை. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல் 'அட்லாண்டிக் கரை' கூட்டமைப்பில் ஆடுகின்றன. பூகோளப் பாடம் நடத்தும் பல்கலைக்கழகங்கள்! பாஸ்டனில் ஆட்டம் என்றால் ஒரு வழிக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் திரும்பி வந்து இறங்குபவன் எட்டு மணி வகுப்பில் என்ன கற்பான்? சலித்துப்போய் வேறு கல்லூரிக்கு மாறினால், முடித்த பாடங்களில் பாதியைப் புதுக் கல்லூரி ஏற்காமல் போகலாம். கவலை வேண்டாம்: நல்ல மதிப்பெண்ணோடு விலகியவனைப் பழைய கல்லூரி தன் பட்டதாரி விகிதக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பையன் பட்டம் வாங்காவிட்டாலும் சதவீதம் வாங்கிவிடும்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. வீரர்களுக்கு எழுதிய விதியை அப்படியே கோச்சுகளின் ஒப்பந்தத்திலும் எழுதுவோம். வேலையைவிட்டு அனுப்பினால் கோடிகள் கிடையாது. பக்கவாட்டுக் கோட்டில் நின்று கத்தியதால் வந்த முதுகுவலிக்கு இரண்டு வருஷம் வைத்தியச் செலவு. அப்புறம் சொந்தக் காசு. மூளைப் பரிசோதனை இலவசம், முடிவைத் தபாலில் அனுப்புவோம். படிப்பு பாக்கியிருந்தால் பத்து வருஷத்துக்குள் வந்து முடித்துக்கொள்ளலாம், ஃபீஸ் எங்களுடையது. இதை நீட்டினால் எந்தக் கோச்சும் கையெழுத்துப் போடமாட்டார். அவருக்கு ஏஜென்ட் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், காற்புள்ளி அரைப்புள்ளி எல்லாம் படித்துப் பார்ப்பார்கள். தன் வீட்டுச் சமையலறை மேசையில் கையெழுத்துப் போட்ட பதினெட்டு வயதுப் பையனின் பக்கத்தில் இருந்தது அம்மா ஒருத்திதான். எதிரே உட்கார்ந்து, 'இனிமேல் இவன் உங்கள் பிள்ளை இல்லை அம்மா, என் பிள்ளை' என்று பேனாவை நீட்டியவர் இந்தக் கோச்.